விழ வேண்டிய இடம்

அறுபது வயதில் என் மனைவி பூங்கோதை நெடுந்தூர டிரையத்லானில் இறங்கினாள். நீச்சலில் வங்கக் கடலில் பாதியைக் காலி செய்தாள். சைக்கிளில் காற்றுக்கே மூச்சிரைக்க வைத்தாள். ஓடத் தொடங்கியதும், அவள் கால் ஊன்றும் விதத்தை அளந்த இயந்திரம், முப்பதாவது கிலோமீட்டரில் விழுவாள் என்று சொல்லிவிட்டது.

அங்கே ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நானும் எலுமிச்சைச் சாற்றோடு நின்றேன். சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி ஓடிவந்தவளை ஆம்புலன்ஸ்காரர்கள் மறித்தார்கள்.

“நீங்க விழற இடம் இதும்மா. படுங்க.”

“நல்லாத்தானே இருக்கேன்? வழிய விடுப்பா, முடிச்சுட்டு வரேன்.”

“விழுந்துட்டதா ரிசல்ட் போயாச்சும்மா.”

அவளைப் பிடித்துப் படுக்கவைத்து வாரால் கட்டினார்கள். பூங்கோதை கையையும் காலையும் உதறிக் கத்தினாள்.

“பாத்தீங்களா சார்,” என்றார் ஒருவர் என்னிடம், பூரிப்போடு. “வலிப்பு வரும்னும் சொல்லியிருந்துச்சு.”