பால் தெளித்த மறுநாள்

கணவனின் சாம்பலுக்குப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் கொண்டுவந்தான் கொழுந்தன். முன்பு கணவனுக்குக் குதிகால் நொறுங்கியபோது டாக்டர் வைத்த பீங்கான் துண்டும், தீயில் கருகாமல், எலும்போடு எலும்பாக அதில் கிடப்பதை வேதவல்லி பார்த்தாள். "இது தானா வளராதும்மா. பக்கத்துல எலும்பு இருந்தா, இதைப் பிடிச்சுக்கிட்டு அது வளரும்" என்று அன்று டாக்டர் சொல்லியிருந்தார். கலயத்தை வேப்பமரத்தில் கட்டினார்கள். விடிந்ததும் கடலில் கரைக்க இறக்கியபோது கை தாழும்படி கனத்தது. துணியை விலக்கினாள். உள்ளே, பீங்கானைச் சுற்றி முழுப் பாதம் ஒன்று கூடியிருந்தது; சுண்டுவிரல் மட்டும் பாக்கி.

"கிளம்பலாமா அண்ணி?"

வேதவல்லி துணியை இறுக்கிக் கட்டினாள்.

"நாளைக்குப் போலாம் தம்பி. நீ போய் இன்னும் கொஞ்சம் பால் வாங்கிட்டு வா."