விட்டுக்கொடுத்த குட்டி

வேலியில் கோழி நுழைகிற ஓட்டையான பொட்டுக்குள்ளால் குணலட்சுமி தன் நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டி அடுத்த வீட்டு வளவில், பெர்னடெட்டின் செருப்பொன்றைக் கவ்வி இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

தன் குட்டி என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். ஊரறிய அது பெர்னடெட்டின் குட்டி.

"இஞ்சாருங்கோ, காதைப் பாத்தியளே? ரண்டும் நிமிந்திட்டுது," என்றாள் புருசனிடம்.

"நிமிரட்டும்." பஞ்சலிங்கம் பேப்பரை விட்டுத் தலையெடுக்கவில்லை.

"எங்கடை முற்றத்திலை நிமிர வேண்டிய காது."

"ஆசைப்பட்டு வாங்கின மனுசி, வளக்கட்டும். அடுத்தவையின்ரை பொருளிலை கண் வைக்காதையும்."

அதுதான் அவளுக்கு ஆறவில்லை. சொல்லுங்கோ, ஆருக்குத்தான் ஆறும்? அல்சேசன் குட்டி வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவள் அவள். "அப்ப எனக்கும் ஒண்டு" என்று பின்னால் தொற்றிக்கொண்டவள் பெர்னடெட். மூன்று பேருமாக ஒரே ஆட்டோவில் கரவெட்டியிலிருந்து புத்தூருக்கு, குட்டி விற்கிறவனிடம் போனால், அங்கே மிஞ்சிக் கிடந்தது ஒரேயொரு குட்டி.

பஞ்சலிங்கம் அதைத் தூக்கினார். உள்ளங்கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் கனநேரம் வைத்திருந்தார். குணலட்சுமி வாங்குவதற்குக் கையை நீட்டியே விட்டாள்.

மனுசன் அவளைத் தாண்டிப் போய்க் குட்டியைப் பெர்னடெட்டின் மடியில் வைத்தார். "நீங்கள் தனிய இருக்கிற ஆள் தங்கச்சி. நீங்களே கொண்டுபோங்கோ."

அன்றிலிருந்து ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அவர் புகழ்தான். பெர்னடெட் ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு வந்து, "அண்ணையின்ரை மனம் ஆருக்கு வரும் அக்கா," என்று கண்கலங்கிவிட்டுப் போனாள். அவர் முழங்கைவரை சாறு ஒழுகச் சாப்பிட்டார். குணலட்சுமி ஒரு துண்டும் தொடவில்லை.

குட்டிக்குப் பெயரும் வைத்தாயிற்று. "றெக்ஸ், பாலைக் குடியணை. றெக்ஸ், வெயிலுக்கை நில்லாதை ராசா." வேலி கடந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் குணலட்சுமியின் அடுப்பில் கறி கருகும். தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துபோவாள்.

ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன தங்கச்சி, குட்டி கிடாய் மாதிரி வளருது. உப்பிடி ஒரு சடைச்ச குட்டியை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

சொன்ன வாய் மூடவில்லை. ஓடிவந்த குட்டி கால் மடங்கிப் பொத்தென்று விழுந்தது. நாக்கு, நாவற்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்துத் தொங்கியது.

"ஐயோ அக்கா, என்ரை பிள்ளை," என்று பெர்னடெட் அதை அள்ளிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினாள்.

தன் கண்தான் பட்டுவிட்டது என்று குணலட்சுமி குசினிக்குள் ஓடினாள். நாவூறு கழிக்க உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்தாள். கண் வைத்தவரின் காலடி மண்ணும் வேண்டும். வேலியடியில் குனிந்து, தன் காலடி மண்ணைத் தானே அள்ளினாள். பொட்டுக்குள்ளால் கையை நீட்டி, குட்டி விழுந்த பக்கம் பார்த்துச் சுற்றி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

மிளகாய் வெடித்துக் கருகியது. கமறலும் இல்லை, ஒரு தும்மலும் இல்லை. நாவூறு இருந்தால்தான் மிளகாய் கமறாது. அவள் அடுப்படியிலேயே குந்திவிட்டாள்.

பொழுதுபடப் பெர்னடெட் திரும்பி வந்தாள். குட்டி துவண்டு அவள் தோளில் கிடந்தது.

"நெஞ்சிலை பிறவியிலேயே ஓட்டையாம் அக்கா. கனநாள் தாங்காதாம். வித்தவன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. எனக்கெண்டு விட்டுத்தந்த மனுசன், கேட்டால் உடைஞ்சுபோவார்."

பிறவிக் குறையாம். டொக்டர்மாருக்குக் கண்ணூறைப் பற்றி என்ன தெரியும்? குணலட்சுமி நேரே உள்ளே போய்ப் புருசனின் காலடியில் குந்தியிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அது பால் குடிக்கிறதைப் பாத்தும் எரிஞ்சனான். அவள் அதைக் கொஞ்சிறதைப் பாத்தும் எரிஞ்சனான். நல்லா நிண்ட குட்டியை என்ரை கண்தான் விழுத்தினது. நான் போய் அவளின்ரை காலிலை விழப்போறன்."

பஞ்சலிங்கம் பேப்பரை மடித்து வைத்தார். கலியாணம் கட்டிய புதிதில் கேட்டதற்குப் பிறகு அவள் கேட்டிராத குழைவான குரலில், அவள் தலையைத் தடவிச் சொன்னார்.

"விசரே உமக்கு? உம்மடை கண்ணாலை ஒண்டும் நடக்கேல்லை. அண்டைக்கு நான் தூக்கேக்கையே அதின்ரை நெஞ்சு, பூனை உறுமுற மாதிரி என்ரை கைக்குள்ளை கறகறத்தது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னை ஏன் அவவுக்கு விட்டுக்குடுத்தனான் எண்டு நினைச்சீர்?"