இடது பட்டன்

அந்த விறகு அறுக்கும் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் இரண்டையும் அமுக்கினால்தான் ரம்பம் இறங்கும். அப்போதுதான் கை குறுக்கே போகாது. வேலை வேகமாக ஓட வேண்டுமென்று முதலாளி இடது பட்டனைப் பழைய சைக்கிள் டியூபால் அமுங்கியே இருக்கும்படி இறுக்கிக் கட்டிவைத்தார். அதில் வேலை பார்த்த அவள் புருஷனின் இடது கை மணிக்கட்டோடு போனது.

"கவனமில்லாம நின்னா மெஷின் என்னம்மா பண்ணும்?" என்று முதலாளி ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் கூசாமல் கேட்டார்.

அவன் இடத்துக்கு அவள் வேலைக்கு வந்தாள். வந்ததும் டியூபை அறுத்து எறிந்தாள். முதலாளி வேறொன்றைக் கட்டினார்.

"ஒரு கை போனது பத்தலையா உங்களுக்கு?"

"வாய் ரொம்ப நீளுது. தள்ளு, எப்படி அறுக்கணும்னு காட்டுறேன்."

இடது கையால் கட்டையைத் தள்ளிக்கொண்டே வலது பட்டனை அமுக்கினார். ரம்பம் இறங்கியது. அவருடைய இடது கை தானாக எழும்பி, இடது பட்டன் மேல் போய் ஒட்டிக்கொண்டது. கட்டை துண்டாகி விழுந்தது, ரம்பம் மேலேறி நின்றது. கை மட்டும் வரவில்லை. அவர் புறங்கையில் யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் ஐந்து விரல் பள்ளம்.

"விடச் சொல்லும்மா," என்றார்.

"இருக்கிற கையால டியூபைக் கழட்டுங்க மொதல்ல."

கழற்றினார். கை விடுபட்டது.

அவள் வீடு திரும்பியபோது புருஷன் சுவரில் சாய்ந்திருந்தான்.

"இல்லாத கை இன்னைக்கு என்னமா வலிக்குது தெரியுமா? விரலெல்லாம் விட்டுப்போச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுக்கு அப்பால் வெறும் காற்றில் ஒவ்வொரு விரலாக இழுத்து நெட்டி எடுத்தாள். ஐந்தும் சொடுக்கின.