வெளுத்த மோதிரம்

இரண்டாம் நிச்சயதார்த்தத்துக்கு மோதிரத்தை மாற்றிச் செய்யலாமென்று, இறந்த மனைவி மஹிமாவின் பொட்டலத்தை முதன்முறையாகப் பிரித்தான் அனந்த். தங்கம் வெள்ளியாய் வெளுத்திருந்தது. தேய்த்தும் மாறவில்லை.

சால்ட் லேக் வீட்டிலிருந்து பௌபஜார் நகைப் பட்டறைக்கு ஓடினான்.

"அவதான் பேயா வந்துட்டா, அண்ணா!"

பட்டறைக்காரர் லென்ஸில் பார்த்துச் சிரித்தார். "பேயெல்லாம் இல்ல. பாதரசம் பட்டா தங்கம் இப்படித்தான் வெளுக்கும். வீட்ல தெர்மாமீட்டர் உடைஞ்சுதா?"

உடைந்தது.

"எங்கம்மா வந்தாலே உனக்கு ஜுரம் வந்துடுமே!" என்று அவள் வாயிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தவன் அனந்த்தான். சிதறிய பாதரச மணிகளை, ஜுரத்தில் நடுங்கிக்கொண்டே வெறுங்கையால் பொறுக்கினாள் மஹிமா. மறுநாள் அந்த ஜுரத்திலேயே அவள் இறந்தபின், ஆஸ்பத்திரியில் மோதிரத்தைத்தான் பொட்டலமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அனந்த் பட்டறைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க, அண்ணா. பேயா இருக்காதா?"