தலைமைக்குத் தகுதி

ஞானராஜ் அறைக்குள் நுழைந்ததும் மாநகராட்சித் தேர்வுக் குழுவினர் மூவரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். மார்பு வரை கறுத்த சேறு. குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து எழுந்து வந்தவரைப் போலத்தான் இருந்தார்.

"சீஃப் போஸ்டுக்கு இண்டர்வியூ. கொஞ்சம் அலம்பிண்டு வரப்படாதா?" என்றார் தலைவர் அனந்தகிருஷ்ணன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருவதாகச் சொன்னார் ஞானராஜ். காலையில் தாராவியில் பாதாளச் சாக்கடை பொங்கி, அடைப்பெடுக்க இறங்கிய தொழிலாளி பிச்சை மேலே வரவில்லை. இண்டர்வியூவுக்காக அந்த வழியாக வந்த ஞானராஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தானே இறங்கித் தூக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

விஷவாயு அடங்கட்டும், பிறகு இறங்கலாம் என்றுதான் மேஸ்திரி சொல்லியிருக்கிறார். "டெல்லி ஆபீசருங்க காரு இந்த ரோட்டுல வருது, ஒடனே ஆளை எறக்குன்னு போன் வந்துட்டு சார்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதது ஞானராஜின் காதைவிட்டுப் போகவில்லை. அதையும் குழுவிடம் சொன்னார்.

சற்றுமுன் வராந்தாவில், அதே போஸ்டுக்கு இண்டர்வியூ முடித்து வந்த, ஞானராஜைப் போலவே டெபுடி அதிகாரியான நம்பிராஜன், கஞ்சி போட்ட சட்டையில் சேறு பட்டுவிடாமல் சுவரோரம் ஒதுங்கினார். "ரோடு காஞ்சுட்டா?" என்று மட்டும் கேட்டார். ஞானராஜ் அவரைத் தாண்டி வந்திருந்தார்.

உறுப்பினர் ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மற்றவர் கம்பளத்தில் படிந்த கால்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவனின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை.

ஒரு தலைமை அதிகாரிக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்டார் அனந்தகிருஷ்ணன். இதற்காக மனப்பாடம் செய்துவைத்திருந்த இங்கிலீஷ் எதுவும் ஞானராஜுக்கு வாயில் வரவில்லை.

"கீழ வேலை பாக்கறவன் உசுரோட வீட்டுக்குப் போகணும்ங்கற நெனப்பு வேணும் சார். அந்தப் போனைப் பண்ணினது யாருன்னு மொதல்ல கண்டுபிடிங்க. அந்த ஆளு எந்த நாற்காலியிலயும் உக்காரக் கூடாது."

அனந்தகிருஷ்ணன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மெல்லத் தலையாட்டினார். ஒருவராவது காதுகொடுத்துக் கேட்டாரே என்று ஞானராஜுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"தேட வேண்டாம், ஞானராஜ். அவ்வளவு சட்டுனு முடிவெடுத்தார்னுதான் நம்பிராஜனுக்குப் போஸ்டைக் குடுத்திருக்கோம்."