தண்ணி நிக்காத இடம்

ஜன்னலைத் திறந்து கண்மாயைப் பார்ப்பதற்கு மட்டும் எட்டு லட்சம், வீட்டின் விலை தனி என்றான் ஆரப்பாளையத்துப் புரோக்கர் ராஜபாண்டி.

வீடு பார்க்க வந்த தமிழ்வாணி பேரமே பேசவில்லை. பேரம் பேசாத ஆள் எங்கே வாங்கப் போகிறார் என்று அவனுக்குச் சந்தேகம் தட்டியது.

“மழைக்குக் கண்மாய்த் தண்ணி உள்ள வந்துருச்சுன்னா?”

“வரவே வராதுக்கா. அம்பது வருசமா இங்க சொட்டுத் தண்ணி நின்னதில்ல.”

“எழுதித் தருவீகளா?”

வந்த கிராக்கியை விட மனமில்லாமல், கம்பெனி லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தான்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அட்வான்ஸ் எம்புட்டுக்கா போடுறீக?”

“நான் வாங்க வரலண்ணே. தண்ணி நிக்கிற எடம்னு சொல்லித்தான் இதே எடத்துல எங்க தெருவையே அதிகாரிக இடிச்சாக. அது பொய்யின்னு கோர்ட்டுல காட்ட ஒரு துண்டுச்சீட்டு இல்லாம இருந்துச்சு. இடிச்சது நாப்பத்தோரு வீடு. நஷ்டஈடு இன்னவரைக்கும் பாக்கி.”