சுடு நாற்காலி

"நீங்க எதுக்குண்ணே நாற்காலிய தொடுறீங்கோ? உடுங்க, நாங்க எடுத்து வெச்சிக்கிறோம். நீங்க கெளம்புங்கோ."

பாக்கியமேரி, கலைச்செல்வன் கையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். கூட்டம் முடிந்தபின் தலைவரான அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்பது உத்திரமேரூர் மாஸ்டர் மைண்ட் குரூப்பின் எழுதாத சட்டம். இப்படி ஒரு மரியாதை எந்த எம்.எல்.ஏ.வுக்குக் கிடைக்கும் என்று வாராவாரம் அவர் நெஞ்சு நிமிரும்.

சில நாள் ஒரு மணி நேரம் கழித்துக் காய்கறி வாங்க அந்தப் பக்கம் திரும்ப வரும்போது பார்த்திருக்கிறார். விளக்கு எரியும், வண்டிகளெல்லாம் வாசலிலேயே நிற்கும். ஐந்து நாற்காலியை அடுக்குவதில்கூட என்ன ஒரு பொறுப்பு என்று மெச்சிக்கொண்டே போவார்.

குரூப்பை ஆரம்பித்தவரே அவர்தான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர், வந்த கையோடு ஊரில் தொழில் செய்கிற நாலு பேரைத் தேடிப் பிடித்தார். டிபன் கடை பாக்கியமேரி, பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் வீராசாமி, நாட்டுக்கோழி வளர்க்கும் செங்கேணி, நாற்றுப் பண்ணை முத்துகிருஷ்ணன்.

வீராசாமி கடையில், அண்டாக்களுக்கு நடுவே கூட்டம். ஒருவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து தன் தொழிலின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வழி சொல்ல வேண்டும். அந்த நாற்காலிக்கு இங்கிலீஷில் ஹாட் சீட் என்று பெயராம். செங்கேணி அதைச் சுடு நாற்காலி ஆக்கிவிட்டார்.

சட்டம் என்னவோ அப்படித்தான். ஆனால் முன்னுரையாக நாலு வார்த்தை என்று தலைவர் எழுந்தால், உட்காருவதற்குள் ஊர் மாடெல்லாம் வீடு திரும்பியிருக்கும். நடுவில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்குமுன் இவரே கேள்வி கேட்டு, இவரே பதில் சொல்லி, கைதட்டலையும் இவரே ஆரம்பித்து வைத்துவிடுவார்.

ஆனாலும் குறை சொல்ல முடியாது. ஒரே வருஷத்தில் நாலு பேரும் தேறிவிட்டார்கள். பாக்கியமேரியை இங்கிலீஷில் போர்டு வைக்கச் சொன்னார். அவள் போர்டை விட்டுவிட்டுக் காலையில் கேழ்வரகுக் கூழ் போட்டாள். இன்றைக்கு பஸ் ஸ்டாண்டே அவள் கடை வாசலில் நிற்கிறது.

வீராசாமியைக் கடன் வாங்கியாவது ஏ.சி. மண்டபம் கட்டச் சொன்னார். அவரோ பாத்திரத்தோடு சமையல் ஆளையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினார். தை மாத முகூர்த்தம் ஒன்றுக்குக்கூட இப்போது அவரிடம் தேதி காலியில்லை. சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றாலும் விதை நம்முடையதுதானே என்று தலைவர் தாராளமாக எடுத்துக்கொண்டார்.

"எல்லாம் நம்ம கூட்டத்தால வந்ததுதானே?" என்று கேட்பார்.

"பின்ன? நம்ப கூட்டத்தாலதான்" என்பார்கள் நாலு பேரும்.

தேறாதது அவருடைய கடை ஒன்றுதான். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளையே காணோம். பொங்கலுக்குள் கடை தலையெடுக்காவிட்டால் பூட்டிவிட்டு ஒரகடம் ஃபேக்டரி ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குப் போகச் சொல்லி மனைவி ஜெயப்பிரியா கறாராக நிற்கிறாள். "ஊருக்கெல்லாம் சொல்ற பல்லி கழனிப்பானையில வியுந்துச்சாம்" என்று குத்தல் வேறு.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவர் கட்டிக் காக்கிற கடை. அதை மூட மனசு வரவில்லை. அதனால் இன்று அவர் கிளம்பவில்லை. பாக்கியமேரியிடமிருந்து நாற்காலியைத் திரும்ப வாங்கி, நடுவில் போட்டு, தானே உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா தலைவரே, கெளம்பலியா? வூட்ல தேடப்போறாங்கோ" என்றார் வீராசாமி.

"தேடட்டும். இன்னிக்கு சுடு நாற்காலில நான் உக்கார்றேன். எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. கடைய மூடிடுவேன் போலக்கீது."

தலைவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் செங்கேணிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"உங்களுக்குப் போயி நாங்க சொல்றதாண்ணே?" என்று தலையைச் சொறிந்தார்.

"பரவால்ல, சொல்லு செங்கேணி. ஒரே கூட்டம், ஒரே பேச்சு. கேட்ட நீங்க நாலு பேரும் முன்னுக்கு வந்துட்டீங்க. பேசுன எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் நடக்கல? நீங்க பண்ற எதை நான் பண்ணாம உட்டுக்கினு கீறேன்? மறைக்காம சொல்லுங்க."

வீராசாமி கூரையைப் பார்த்தார். முத்துகிருஷ்ணன் தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் பாக்கியமேரிதான் மனசு கேட்காமல் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"கோச்சிக்காதீங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான் கூட்டம் முடிஞ்சதும் வூட்டுக்குப் பூடுறீங்கோ."